ஒரு தண்ணீர்ப் பாம்பு, ஐந்து பெயர்கள்

மதகடியில் கல்லிடுக்கில் உடம்பைச் சொருகிக்கொண்டு, தலையை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டியபடி அசையாமல் கிடக்கும் பாம்பைப் பார்க்காதவர்கள் குறைவு. ஓடை, வாய்க்கால், ஏரி, நாற்றங்கால், கோயில் குளம் என்று நன்னீர் எங்கே தேங்கினாலும் ஓடினாலும் அது இருக்கும். நமக்கு அது தண்ணிப் பாம்பு. குமரிப் பக்கமும் அதைத் தாண்டிக் கேரளத்திலும் நீர்க்கோலி. சிங்களத்தில் இந்த வகைப் பாம்புக்கு ‘திய நயா’, அதாவது நீர்நாகம் என்று ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயருக்குக் காரணம் பின்னால் வரும்.

ஊர்ப்பெயர்கள் நூறு வருடமாக மாறவில்லை. மாறிக்கொண்டே இருப்பது அறிவியல் பெயர்தான். பழைய புத்தகத்தில் ட்ரோபிடோனோட்டஸ் பிஸ்கேட்டர், தாத்தா காலத்துப் புத்தகத்தில் நேட்ரிக்ஸ் பிஸ்கேட்டர், பத்து வருடத்துக்கு முன் வந்த கையேட்டில் ஜீனோக்ரோஃபிஸ் பிஸ்கேட்டர், இப்போது ஃபௌலியா பிஸ்கேட்டர். இது ஆய்வாளர்களின் விளையாட்டு என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். ஒரே ஒரு முறை தவிர, பெயர் மாறிய ஒவ்வொரு முறையும் பாம்பைப் பற்றி ஏதோ ஒன்று புதிதாகத் தெரிந்திருந்தது. அதனால் கதையை முதலிலிருந்தே பார்ப்பது நல்லது.

கிழக்கிந்தியக் கம்பெனியில் இயற்கை ஆய்வாளராக இருந்தவர் பேட்ரிக் ரஸ்ஸல். விசாகப்பட்டினம் பக்கம் தங்கி, சோழமண்டலக் கடற்கரையின் பாம்புகளைச் சேர்த்து, 1796-ல் வண்ணப் படங்களோடு பெரிய நூலாக வெளியிட்டார். கண்ணாடி விரியனின் ஆங்கிலப் பெயரில் இருப்பது இவர்தான். உள்ளூரில் சொல்லும் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதி வைப்பது அவர் பழக்கம். நம் பாம்பு 33-ஆம் படத்தில் ‘நீலி கோயா’ என்ற பெயரோடு இருக்கிறது. லத்தீனில் பெயர் சூட்டும் வேலையை அவர் செய்யவில்லை. 1799-ல் ஜெர்மனியில் யோஹான் கோட்லோப் ஷ்னைடர் என்ற கிரேக்க, லத்தீன் மொழி அறிஞர் அந்தப் படத்தை வைத்து ‘ஹைட்ரஸ் பிஸ்கேட்டர்’ என்று பெயரிட்டார். பிஸ்கேட்டர் என்றால் மீன் பிடிப்பவன். அந்தப் பாதி இன்றுவரை மாறவில்லை. ஹைட்ரஸ் நிற்கவில்லை. பெயரின் முன்பாதி பேரினம், அதாவது நெருங்கிய இனங்களின் கூட்டம். அந்தப் பேரினத்தில் ஷ்னைடர் கடல் பாம்புகளையும் சேர்த்தே போட்டிருந்தார். தண்ணீரில் வாழ்வது ஒன்றே தகுதி என்றால் அப்படித்தான் ஆகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ட்ரோபிடோனோட்டஸ் வந்தது. கிரேக்கத்தில் ‘முதுகில் வரம்பு உள்ளது’ என்று பொருள். இந்தப் பாம்பின் முதுகுச் செதில் ஒவ்வொன்றின் நடுவிலும் நீளவாக்கில் ஒரு மெல்லிய மேடு ஓடும். வயல் வரப்பு மாதிரி என்று நினைத்துக்கொள்ளலாம். வரம்புள்ள செதிலோடு, தண்ணீரோரம் திரிந்து, மீனும் தவளையும் தின்னும் பாம்புகள் ஐரோப்பாவில், ஆசியாவில், அமெரிக்காவில் எங்கிருந்தாலும் இந்த ஒரே பேரினத்துக்குள் போயின. பிறகு 1768-லேயே லாரென்டி வைத்த நேட்ரிக்ஸ் என்ற பெயர் மூத்தது என்பதால், முன்னுரிமை விதிப்படி கூட்டம் அப்படியே அதற்கு மாறியது. பாம்புகளைப் பற்றிய புதுச் செய்தி எதுவும் இல்லாமல் பெயர் மாறியது இந்த ஒரு முறைதான்.

கூட்டம் மிகப் பெரிதாகிவிட்டது. 1960-ல் எட்மண்ட் மால்னேட் நேட்ரிக்ஸைப் பிரித்துப் போட்டார். 1965-ல் அவரும் ஷெர்மன் மின்டனும் நம் பாம்பையும் அதன் நெருங்கிய உறவுகளையும் ஜீனோக்ரோஃபிஸ் என்ற பேரினத்தில் சேர்த்தார்கள். அது 1864-ல் குந்தர் ஒரே ஒரு பாம்புக்காக உருவாக்கிய பேரினம். 1839-ல் தியோடர் கேன்டர் வங்காளத்திலிருந்து விவரித்த ‘செராசோகாஸ்டர்’, அதாவது செர்ரி நிற வயிறு கொண்ட பாம்பு. கங்கை, பிரம்மபுத்திரா வெள்ளச் சமவெளிகளில் வாழ்வது. 1965 முதல் ஐம்பது வருடத்துக்கு மேல் நம் தண்ணீர்ப் பாம்பு இந்த வடக்கத்திப் பாம்பின் வீட்டில்தான் குடியிருந்தது.

2018-ல் ஜெயாதித்ய புர்காயஸ்தா குழுவினர் செராசோகாஸ்டரின் டி.என்.ஏ.வை மற்றவற்றோடு ஒப்பிட்டார்கள். வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் ஒரே கிளையில் வரவில்லை. பேரினப் பெயர் எப்போதும் அதன் மாதிரி இனத்தோடுதான், அதாவது அந்தப் பெயருக்கு அடையாளமாக வைத்த இனத்தோடுதான் போகும். ஆகவே ஜீனோக்ரோஃபிஸ் செராசோகாஸ்டரோடு தங்கிவிட்டது. பிஸ்கேட்டர் கூட்டத்துக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. புதிதாக உண்டாக்க அவசியம் இல்லாமல், 1868-ல் வில்லியம் தியோபால்ட் பர்மாப் பாம்பு ஒன்றுக்கு வைத்துவிட்டுப் போன ஃபௌலியா தூசியோடு கிடைத்தது. ஐந்தாவது பெயரின் கதை இவ்வளவுதான்.

இது இந்த ஒரு பாம்புக்கு மட்டும் நடந்ததும் அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் ராப்டாப்ஸ் என்று ஒரு பேரினம் உண்டு. 1863-ல் பெடோம் வயநாட்டிலிருந்து விவரித்த ஒன்றும், வடகிழக்கு இந்தியப் பாம்பு ஒன்றும் 1893 முதல் அதில் ஒன்றாக இருந்தன. 2017-ல் மலையின் வடபகுதிப் பாம்புகள் தனி இனம் என்று தெரிந்து ‘அக்வாட்டிகஸ்’ ஆயின. அதன் குட்டிகள் செம்பாறை மேட்டு நிலங்களில் மழைநீர் தேங்கும் இடங்களில் கிடைக்கின்றன, பெரியவை காட்டோடைகளில். 2019-ல் வடகிழக்குப் பாம்பு மொத்தமாக வெளியேறி ஸ்மித்தோஃபிஸ் என்ற புதுப் பேரினத்துக்குப் போனது. தண்ணீர் வாழ்க்கை உடம்பை ஒரே அச்சில் வார்க்கிறது. சின்னத் தலை, மேல்நோக்கிய மூக்கு, வழுவழுப்பு எல்லாம் சொந்தம் இல்லாதவர்களிடமும் வந்துவிடுகிறது. வெறும் கண்ணால் வகைப்படுத்தியவர்கள் ஏமாந்தது அங்கேதான்.

சரி, கையில் கிடைத்த படத்தில் இருப்பது ஃபௌலியா பிஸ்கேட்டர்தானா என்று எப்படிச் சொல்வது? கட்டம் போட்ட முதுகை நம்ப வேண்டாம். ஆங்கிலப் பெயர் அந்தக் கட்டங்களை வைத்துத்தான் வந்தது, ஆனால் கட்டமே இல்லாத ஆலிவ் நிறப் பாம்புகளும், சிவப்பு இழையோடியவையும், முழுக்கக் கறுத்தவையும் ஒரே ஏரியில் கிடைக்கும். சட்டை உரிக்கும் நாட்களில் எல்லாமே சாம்பல்தான். முகத்தைப் பாருங்கள். கண்ணுக்கு நேர் கீழேயிருந்து உதடு வரை ஒரு கறுப்புக் கோடு. கண்ணுக்குப் பின்னாலிருந்து சாய்வாக வாய்முனை நோக்கி இன்னொன்று. மை கரைந்து வழிந்ததுபோல இந்த இரண்டு கோடுகள் உடம்பு நிறம் எப்படி இருந்தாலும் பெரும்பாலும் இருக்கும்.

அடுத்தது மேலுதட்டுச் செதில்கள். மூக்கு நுனியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் வழக்கமாக 9 வரும், அதில் 4-ஆவதும் 5-ஆவதும் கண்ணைத் தொடும். தலையை மேலிருந்து பார்த்தால் மூக்குத் துளைகளுக்கு நடுவே இரண்டு செதில்கள், முன்பக்கம் குறுகி முக்கோணமாக இருக்கும். அங்கே இரண்டுக்குப் பதில் ஒன்றே ஒன்று இருந்தால் அது வேறு பாம்பு. நம் ஊர்க் குளங்களில் இருக்கும் அட்ரீஷியம் ஸ்கிஸ்டோசம், மேலே ஒரே பாசி நிறம், கீழே மஞ்சள். அதையும் ஊரில் தண்ணிப் பாம்பு என்றுதான் சொல்கிறோம்.

பிறகு உடம்பு நடுவில் செதில் வரிசை எண்ணுவது. வயிற்றுப் பட்டைச் செதிலின் ஓரத்தில் தொடங்கி, சாய்வாக மேலேறி, முதுகுத் தண்டு வரிசையைத் தாண்டி, மறுபக்கம் அதேபோல் சாய்வாக இறங்கி, வயிற்றுச் செதிலைத் தொடும் முன் நிறுத்த வேண்டும். நம் பாம்புக்கு 19. இரட்டை எண் வந்தால் பெரும்பாலும் முதுகின் நடு வரிசையை இரண்டு முறை எண்ணிவிட்டீர்கள் அல்லது தவறவிட்டீர்கள். நடு உடம்பு என்பதைக் கண்மதிப்பில் எடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் இன்னொரு பிழை. மலவாய்க்கு அருகே வந்துவிட்டால் வரிசைகள் 17 ஆகக் குறைந்துவிடும், 19 உள்ள பாம்பு வேறு இனமாகத் தெரியும்.

உரித்த சட்டை கிடைத்தால் இது இன்னும் சுலபம். வரப்போரம் கிடக்கும் சட்டையின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் காகிதம்போல மொறுமொறுத்தது நெகிழ்ந்து விரியும். உள்புறம் வெளியே வந்திருப்பதால் இடம் வலம் மாறித் தெரியும். நீளம் பாம்பை விடக் கூடுதலாக இருக்கும், ஏனென்றால் உரியும்போது இழுபடுகிறது. அதனால் சட்டையை அளந்து பாம்பின் நீளம் சொல்பவர்களை நம்பாதீர்கள். செதில் எண்ணிக்கை மட்டும் இம்மி மாறாது. வரம்புகள் விரலுக்குத் தட்டுப்படும். படம் எடுத்துக்கொண்டு சட்டையை அங்கேயே விட்டுவிடுவது உத்தமம். சட்டப்படிச் சிக்கல் வராது.

வயிற்றுச் செதில்களை எண்ணுவதற்கு ஒரு விதி உண்டு, 1951-ல் ஹெர்ன்டன் டௌலிங் வகுத்தது. தொண்டையடியில் குட்டிக் குட்டியாகத் தொடங்கும் செதில்களில் எதை முதலாவதாகக் கொள்வது என்பதில் ஆளுக்கொரு கணக்கு இருந்தது. இரண்டு பக்கமும் முதுகுச் செதிலின் முதல் வரிசை தொடும் செதில்தான் ஒன்று, அதற்கு முன்னால் இருப்பவை கணக்கில் சேராது என்று அவர் முடித்து வைத்தார். மலவாய்ச் செதிலுக்கு முன்னால் நிறுத்த வேண்டும். பிஸ்கேட்டருக்கு ஏறக்குறைய 125-லிருந்து 155 வரை வரும். அதன்பின் வாலடிச் செதில்கள், இணை இணையாக, 65-லிருந்து 90 வரை.

இந்த வாலடிக் கணக்கில்தான் பாம்பு நம்மை ஏமாற்றும். தண்ணீர்ப் பாம்பின் வாலைப் பிடித்தால் அது உருண்டு முறுக்கி, வாலின் ஒரு துண்டைக் கையில் விட்டுவிட்டுப் போய்விடும். பல்லி வால் மாதிரி முன்கூட்டியே விரிசல் போட்ட எலும்பு இதற்குக் கிடையாது. இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே அறுந்துபோகிறது. மறுபடி வளர்வதும் இல்லை. கொக்கு, கீரி, நண்டு எல்லாம் வாலைத்தான் முதலில் பிடிக்கும் என்பதால் பெரிய பாம்புகளில் குட்டைவால் சாதாரணம். அறுந்த இடம் ஆறியபின் மொழுக்கென்று உருண்டிருக்கும். முழு வால் கூரான ஒற்றைச் செதிலில் முடியும். இதைக் கவனிக்காமல் எண்ணி ‘வாலடிச் செதில் 48’ என்று எழுதி வைத்தால், பின்னால் வருபவர் அதைப் புது இனத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்வார். நல்ல அட்டவணையில் அறுந்த வாலுக்கு எண்ணுக்குப் பக்கத்தில் கூட்டல் குறி போட்டிருக்கும்.

ஆண் பெண் கலந்து சராசரி எடுப்பதும் இதே மாதிரிக் குழப்பம் தரும். ஆணுக்கு வால் நீளம், வாலடிச் செதில் கூடுதல். பெண் உருவத்தில் பெரியது.

அருங்காட்சியகத்துக்குப் போகும் மாதிரிகளில் வேறு ஒரு சிக்கல். உடம்பைக் கெட்டிப்படுத்த ஃபார்மலின் வேண்டும், கடைச்சரக்கில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர். சில நாள் கழித்து நன்றாகக் கழுவி 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றுவார்கள். ஃபார்மலின் டி.என்.ஏ.வைக் கெடுத்துவிடும். அதனால் ஃபார்மலின் படுவதற்கு முன்பே ஈரலில் ஒரு துணுக்கை வெட்டித் தனியாக 95 சதவீத எத்தனாலில் போட வேண்டும். இந்த வரிசை மாறினால் மாதிரி பாதிப் பயன்தான். எத்தனாலில் மஞ்சளும் சிவப்பும் முதலில் போய்விடும், கறுப்பு மட்டும் தங்கும். பழைய நூல்களின் நிற வர்ணனைகள் உயிருள்ள பாம்போடு பொருந்தாததற்குப் பாதிக் காரணம் இது.

அது வாழும் விதத்துக்கு வருவோம். இரை மீன், தவளை, தலைப்பிரட்டை. குட்டிகள் பெரும்பாலும் தலைப்பிரட்டையிலும் சிறு மீனிலும்தான் வளரும். பகலிலும் தெரியும், வெயில் காலத்தில் இரவிலும் சுறுசுறுப்பாக இருக்கும். மீனைக் குறுக்கே கவ்வி, கரைக்கு இழுத்து, தலைப்பக்கம் திருப்பி விழுங்கும். கெளுத்தி மாதிரி முள்ளுள்ள மீன் என்றால் இந்தத் திருப்பல் உயிர்ப் பிரச்சினை. வால்பக்கமாக விழுங்கினால் முள் விரிந்து தொண்டையில் நின்றுவிடும். மூக்கும் கண்ணும் தலையில் சற்று மேலே இருப்பதால் முகத்தின் கால்வாசி மட்டும் வெளியே தெரிந்தால் போதும், மூச்சும் விடலாம், பார்க்கவும் செய்யலாம். பொதுவாக ஒரு மீட்டருக்குள். ஒன்றே முக்கால் மீட்டர் வரை பதிவு உண்டு.

இது முட்டையிடும் பாம்பு. அமெரிக்காவில் உள்ள இதன் உறவினர்கள் குட்டி போடுகின்றன. எலி வளை, வரப்புப் பொந்து, கரையின் மண்ணிடுக்கு ஆகியவற்றில் 30-லிருந்து 70 முட்டை வரை ஒன்றோடொன்று ஒட்டிய கொத்தாக இருக்கும். தாய் முட்டைகளோடு தங்கியிருந்ததும் பதிவாகியிருக்கிறது. பொந்து ஈரமாகவும் வேண்டும், மூழ்கவும் கூடாது. வாய்க்கால் கரையை முழுக்க சிமென்ட் பூசிவிட்டால் மீன் இருக்கும், பாம்பும் கொஞ்ச நாள் இருக்கும், முட்டையிட இடம் இருக்காது.

இனி ‘நீர்நாகம்’. மிரண்டால் இது முன்னுடம்பைத் தூக்கி, கழுத்தோடு தலையையும் தட்டையாக்கிச் சீறும். தூரத்திலிருந்து பார்ப்பவர் நல்ல பாம்பு என்று அடித்துவிடுகிறார். படம் தெளிவாக இருந்தால் பிரித்துச் சொல்ல ஒரு நல்ல இடம் கண்ணுக்கும் மூக்குக்கும் இடைப்பட்ட பகுதி. தண்ணீர்ப் பாம்புக்கு அங்கே தனியாக ஒரு சிறு செதில் உண்டு. நாகத்துக்கு அது கிடையாது, மூன்றாவது மேலுதட்டுச் செதில் பெரிதாகி மூக்குச் செதிலையும் கண்ணையும் தொடும். நாகத்தின் முதுகுச் செதில் வழவழப்பு, இதற்கு வரம்பு. கண்ணாடி விரியனோடு குழப்பிக்கொள்கிறவர்களும் உண்டு. விரியனின் தலை முழுக்கப் பொடிச் செதில்கள், கண்மணி செங்குத்துக் கீற்று. தண்ணீர்ப் பாம்புக்குத் தலையில் பெரிய தகடுகள், கண்மணி வட்டம்.

விஷம் இல்லை, ஆனால் சாது என்று சொல்ல முடியாது. கடிக்கும், விடாமல் கவ்வும். பற்கள் பின்னோக்கி வளைந்தவை, மேல்தாடையில் பின்னால் போகப்போக நீளமானவை. கடித்ததும் கையை வெடுக்கென்று இழுத்தால் கீறல் நீளும், சமயத்தில் பல் முறிந்து உள்ளே தங்கும். அதுவாக விடும்வரை பொறுத்து, சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, டெட்டனஸ் ஊசி பற்றி மருத்துவரிடம் கேட்பதே போதும். கயிறு கட்டுவது, கீறிவிடுவது எதுவும் வேண்டாம். பாம்பு எது என்பதில் துளி சந்தேகம் இருந்தாலும் நேரே அரசு மருத்துவமனை. ‘நீர்க்கோலி கடிச்சாலும் அத்தாழம் முடங்கும்’ என்று மலையாளத்தில் ஒரு பழமொழி. அற்பம் என்று நினைப்பதும் ராத்திரிச் சோற்றைக் கெடுக்கும் என்ற பொருளில் சொல்வார்கள். பாம்பு கடித்தவர் அன்றிரவு பட்டினி கிடக்க வேண்டும் என்ற பழைய வழக்கத்திலிருந்து வந்தது.

இதற்கு உண்மையான எமன் நைலான் வலை. மீன் குளத்தைச் சுற்றிக் கட்டிய வலையில் தலையும் கழுத்தும் சுலபமாக நுழையும், இரை தின்ற வயிறு நுழையாது. பின்னால் போகலாம் என்றால் செதில்களின் விளிம்பு பின்னோக்கித் திறப்பவை. இழை அந்த விளிம்புக்கு அடியில் புகுந்து மாட்டிக்கொள்ளும். அதனால் மாட்டிய பாம்பைப் பின்னோக்கி இழுத்து எடுக்க முயன்றால் தோல் உரியும். வனத்துறைக்கோ பயிற்சி பெற்ற பாம்பு மீட்பருக்கோ சொல்லிவிட்டு, அவர்கள் வரும்வரை பாம்பின் மேல் நிழலும் ஈரத்துணியும் போட்டு வைக்கலாம். வெயிலில் அது சீக்கிரம் செத்துவிடும். மீட்பவர்கள் முதலில் வலையைக் கரையிலிருந்து அறுத்துப் பாம்போடு சேர்த்து நிழலுக்குக் கொண்டுவருவார்கள். தலையைத் துணியால் மூடி, முனை மழுங்கிய சிறு கத்தரிக்கோலைத் தலையிலிருந்து வால் நோக்கிய திசையில் இழைக்கு அடியில் விட்டு ஒவ்வொன்றாக வெட்டுவார்கள். தளர்ந்த இழையை இழுத்து உருவாமல் மறுபக்கமும் ஒரு வெட்டுப் போட்டு எடுத்தால்தான் சதைக்குள் புதைந்தது வெளியே வரும். கடைசியில் உடம்பை விரலால் தடவிப் பார்ப்பது முக்கியம். செதிலுக்கு அடியில் ஒரே ஓர் இழை மிச்சம் இருந்தாலும் பாம்பு வளர வளர அது இறுக்கும்.

மீன் பிடிக்கும் கூடுகளிலும் இதே சாவு, காரணம் வேறு. பாம்புக்கு மூச்சு விட மேலே வர வேண்டும், முழுக்க மூழ்கிய கூட்டில் அது முடியாது. கூட்டின் மேல் ஒரு சாண் தண்ணீருக்கு வெளியே தெரியும்படி கம்பில் கட்டினாலே உயிர் பிழைக்கும். இரவு வைத்ததைக் காலையில் வெயில் ஏறுமுன் பார்த்துவிட வேண்டும்.

எங்கும் கிடைக்கும் பாம்புக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்கலாம். தோலுக்காக இந்தியாவில் இவை ஏராளமாகக் கொல்லப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் (CITES) மூன்றாம் பட்டியலில் இந்தியா இதைச் சேர்த்ததற்குக் காரணம் அதுதான். உள்நாட்டில் 2022 திருத்தத்துக்குப் பிறகு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அடித்துக் கொல்வதும் பிடித்து வைப்பதும் குற்றம்.

பிஸ்கேட்டர் என்று நாம் சொல்லும் பாம்பும் முன்பு இருந்த அளவுக்குப் பெரிதல்ல. மால்கம் ஸ்மித் 1943-ல் எழுதியபோது இலங்கை முதல் ஜாவா வரை எல்லாம் ஒரே இனத்தின் கிளையினங்கள். 2012-ல் கெர்னாட் வோகலும் பேட்ரிக் டேவிடும் அருங்காட்சியக மாதிரிகளை அலசி ஆராய்ந்த பிறகு அந்தக் கூட்டம் தனித்தனி இனங்களாக நிற்கிறது. ஜாவாப் பக்கம் மெலன்சோஸ்டஸ், அந்தமானில் டைட்லரி, தென்கிழக்கு ஆசியாவில் ஃப்ளேவிபங்டேட்டஸ், இமயமலை அடிவாரத்தில் சாங்டிஜொஹானிஸ். இலங்கையில் மட்டும் வாழ்வது அஸ்பெர்ரிமஸ், 1891-ல் புலஞ்சே விவரித்தது. பெயரின் பொருள் ‘மிகவும் சொரசொரப்பானது’. அதன் வரம்புகள் அவ்வளவு தூக்கல்.

மிச்சம் இருக்கும் இந்தியப் பிஸ்கேட்டரையும் நாளை யாராவது இரண்டாகப் பிரிக்கலாம். அப்போது ஒரு பழைய சிக்கல் முன்னால் வரும். ஷ்னைடர் வைத்த பெயர் நிற்பது ரஸ்ஸலின் 33-ஆம் படத்தின் மேல். படத்திலிருந்து டி.என்.ஏ. எடுக்க முடியாது. எந்தக் கூட்டம் பிஸ்கேட்டர் என்ற பெயரை வைத்துக்கொள்ளும், எது புதுப் பெயர் வாங்கும் என்று முடிவு செய்ய, அவர் சேகரித்த அந்த ஆந்திரக் கடற்கரைக்கே போய், அங்குள்ள வாய்க்காலில் ஒரு நீலி கோயாவைப் பிடித்து, வால் முழுதாக இருக்கிறதா என்று பார்த்து, செதில்களை எண்ணிப் படத்தோடு ஒப்பிட வேண்டியிருக்கும்.